எதிர்முள்

வெள்ளி இரவு மூன்றாம் கட்டிலில்
நாவாந்துறை மரியநேசன்.
பெருவிரலில் தூண்டில் ஏறியிருந்தது.
"உள்ள போகேக்க ஒண்டும் தெரியேல்ல மிஸி,
இழுக்கேக்கதான் உயிர் போகுது."

இழுக்கக் கூடாது.
விறைப்பு மருந்து போட்டு
முள்ளை இன்னும் உள்ளே தள்ள வேண்டும்,
தோலின் மறுபக்கம் முனை எட்டிப் பார்க்கும்வரை.
பிறகு அந்தச் சின்னச் செதிலை,
அரிசிக் குறுணியில் பாதிகூட வராது,
கத்தரித்தால்
வந்த வழியே முள் வழுகி வரும்.
அதற்கு வேறு பேர் இருக்கக்கூடும்.
நான் எதிர்முள் என்கிறேன்.
போக மட்டும் வழி தெரிந்த உலோகம்.

வெட்டிய துண்டைக் கேட்டார்.
பஞ்சில் சுற்றிக் கொடுத்து,
ஏற்பூசி காட்டைத் துலைக்க வேண்டாம் என்றேன்.

ஞாயிறு எனக்கு ஓய்வு.
விடியமுன் குறட்டை எடுத்து
என் பெட்டியில் கிடந்த முள் எல்லாவற்றையும் நசித்தேன்.
இருபத்தாறு.
ஒவ்வொன்றையும் பஞ்சில் குத்தி இழுத்துப் பார்த்தேன்.
நார் சிக்கினால்
இன்னும் ஒரு நசி.

தை பிறந்த வழுக்கையாறு
அராலியில் ஆறு மாதிரித்தான் கிடந்தது.
வருடத்தில் நாலு மாதம் அந்தப் பேர் அதற்குப் பொருந்தும்,
மிச்சம் மாடுகளுக்கு.
ஆம்பல் இலைகளுக்கு மேலால்
றப்பர் தவளையை எறிந்து எறிந்து இழுத்தேன்.

சைக்கிளில் வந்தவர் காலூன்றி நின்றார்.
"கறிக்கோ?"
"இல்லை. விட."
"பேந்தேன் பிடிக்கிறியள்?"
இந்தக் கேள்விக்கு இதுவரை
ஒழுங்கான பதில் சொன்னதில்லை நான்.
கரியரில் சரிந்த மரவள்ளி மூட்டையை
நிமிர்த்திக் கட்டிக்கொண்டு அவர் போனார்.

முதல் விரால் பறிபோனது.
நூல் ஒரு கணம் தளர்ந்தது, அவ்வளவுதான்.
நசித்த முள்
கை அசந்த கணத்தை மன்னிப்பதில்லை.
இரண்டாவதும் போனது.
அதற்கு ஒரு நுளம்பு காரணம்.

பிறகு, கோரைக்குப் பக்கத்தில்
தண்ணீர் சிவந்து கொதித்தது,
ஒரு தோசைக்கல் அகலத்துக்கு.
காற்று வாங்க மேலே வரும் பொடி வாய்கள்,
நூற்றுக்கணக்கில்.
அது என்னவென்று எனக்குத் தெரியும்.
தெரிந்துதான் எறிந்தேன்.

தவளை நனையுமுன் வெடித்தது தண்ணீர்.
பசித்த விரால் உறிஞ்சி எடுத்துக்கொண்டு போகும்.
இது துரத்த வந்த அடி.
மணிக்கட்டு அதைச் சொன்னது,
தடி வளைந்து முடியுமுன்.

ஒரு முழம், மேலே நாலு விரல்.
மேலுதட்டில் முள்.
அது என்னைப் பார்த்தது என்று எழுத மாட்டேன்.
நான்தான் கோரையைப் பார்த்தேன்.
காவல் இல்லாத அந்தச் சிவப்பு வட்டத்தை
ஓரத்திலிருந்து
யப்பான் மீன்கள் கடிக்கத் தொடங்கியிருந்தன.
வட்டம் ஒரு பக்கம் குழிந்து
பிறையாகிக்கொண்டு வந்தது.

தண்ணீரைவிட்டுத் தூக்கவில்லை.
குனிந்து, முள்ளின் காம்பைப் பிடித்து,
ஒரு திருப்பு.
தள்ளவில்லை.
கத்தரிக்கவில்லை.
வந்த வழியே வந்தது.

விரால் போன வேகத்தில் முகமெல்லாம் சேறு.
கோரைப் பக்கம் பளார் என்று ஒரு சத்தம்.
யப்பான் மீன்களைக் காணவில்லை.
பிறை மெல்ல மெல்ல வட்டமானது.
முந்தைய வட்டமில்லை,
கொஞ்சம் சின்னது.

எத்தனை குறைந்தன என்று எண்ண வழியில்லை.
பிடித்ததிலிருந்து விட்டதுவரை
எவ்வளவு நேரம் என்பதையும் எண்ணவில்லை,
நாடி எண்ணிச் சம்பளம் வாங்குகிற நான்.

தவளையை அவிழ்த்துப் பெட்டிக்குள் போட்டேன்.
எட்டு மணிகூட ஆகவில்லை.
சைக்கிள்காரர் திரும்பி வந்தார், கரியர் வெறுமையாக.
"ஒண்டும் படேல்லையோ?"
"பட்டது" என்றேன்.
என் இரண்டு கையையும் பார்த்தார்,
கூடையைப் பார்த்தார்,
முகத்துச் சேற்றைப் பார்த்தார்.
"எங்கை?"